பாதி உறைஞ்ச உலோகத்துக்குள்ள என்ன நடக்குது? ப்ரொஃபஸர் ஃப்ளெமிங்ஸோட ஆராய்ச்சி பத்தி

அலுமினிய காஸ்டிங் டெஸ்ட் பண்ற லேப்ல தான் எனக்கு வேலை. கைக்கு வர்றதெல்லாம் உறைஞ்சு முடிஞ்ச பீஸ். அதை அறுத்து, பாலிஷ் போட்டு, எட்ச் பண்ணி (ரசாயனத்தால லேசா அரிச்சு), மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வெச்சு எங்க கோளாறுன்னு சொல்லணும். ஆனா கோளாறு நடந்தது நான் பாக்குறதுக்கு ரொம்ப முன்னாடி, உலோகம் முழு திரவமாவும் இல்லாம முழு திடமாவும் இல்லாம நடுவுல கிடந்த அந்த சில நொடியிலயோ சில நிமிஷத்துலயோ. ஒரு உலோகக் கலவையோட பாதி தலையெழுத்து அந்த நேரத்துலயே எழுதி முடிஞ்சிடுது, அப்புறம் நாம பண்ற ஹீட் ட்ரீட்மென்ட் எல்லாம் மீதி பாதிக்குத்தான். இதை எனக்குப் புரிய வெச்சது அமெரிக்காவுல எம்ஐடில ப்ரொஃபஸரா இருந்த மெர்ட்டன் ஃப்ளெமிங்ஸும் அவர் லேப் ஆளுங்களும் பண்ண ஆராய்ச்சி. ரொம்ப நாளா இதைப் பத்தி விரிவா எழுதணும்னு ஆசை.

முதல்ல அடிப்படை விஷயம் ஒண்ணு. சுத்தமான அலுமினியம் 660 டிகிரியில உறையும், அந்த ஒரே வெப்பநிலை தான், அதுக்கு மேல திரவம், கீழ திடம். அதுல கொஞ்சம் செம்பு கலந்துட்டா கதையே வேற. 4.5 சதவீதம் செம்பு போட்ட கலவைய எடுத்துக்கோங்க, 650 டிகிரி பக்கத்துல உறைய ஆரம்பிச்சு 548 டிகிரி வரைக்கும் இழுத்துகிட்டே போகும், கிட்டத்தட்ட 100 டிகிரி இடைவெளி. அந்த இடைவெளி முழுக்க அச்சுக்குள்ள இருக்குறது திடமும் திரவமும் கலந்த ஒரு கூழ். இந்தத் தொழில்ல இருக்கவங்க இதை மஷ்ஷி ஜோன்னு சொல்லுவாங்க. ஃப்ளெமிங்ஸ் தன்னோட வாழ்நாள் ஆராய்ச்சியில பெரும்பகுதிய செலவழிச்சது இந்தக் கூழுக்குள்ள தான்.

ஏன் இவ்ளோ நேரம் இழுக்குது? முதல்ல உறையுற திடத்துக்கு செம்பு அவ்வளவா பிடிக்காது, 4.5 சதவீதம் இருக்குற திரவத்துல இருந்து உருவாகுற முதல் திடத்துல செம்பு 1 சதவீதம் கூட இருக்காது. மிச்ச செம்பை எல்லாம் பக்கத்துல இருக்குற திரவத்துக்குள்ள தள்ளி விட்டுடும். திரவத்துல செம்பு ஏற ஏற அது உறையுற வெப்பநிலை இறங்கிகிட்டே போகும், அதனால இன்னும் குளிரணும், இன்னும் கொஞ்சம் உறையும், இன்னும் செம்பு தள்ளப்படும், இப்படியே போய் கடைசியா மிஞ்சுற திரவத்துல செம்பு 33 சதவீதத்துக்கு வந்து நிக்கும், அங்க தான் 548 டிகிரியில எல்லாம் ஒரேயடியா யூடெக்டிக்கா, அதாவது ரெண்டு வகை திடமும் ஒண்ணா சேந்த கலவையா, உறைஞ்சு முடியும். இதுல ரசமான விஷயம் என்னன்னா, ஃபேஸ் டயக்ராமை (எந்தக் கலவை எந்த வெப்பநிலையில திடம், எதுல திரவம்னு காட்டுற படம்) மட்டும் பாத்தா 4.5 சதவீத கலவையில யூடெக்டிக் வரவே கூடாது, ஏன்னா அலுமினியம் 5.65 சதவீதம் வரைக்கும் செம்பை திடத்துக்குள்ளயே வெச்சுக்க முடியும். ஆனா அந்த டயக்ராம் எல்லாத்துக்கும் நேரம் தாராளமா இருக்குன்னு நினைச்சு போட்டது. நிஜத்துல திடத்துக்குள்ள அணுக்கள் நகர்ற வேகம் ரொம்ப கம்மி, முதல்ல உறைஞ்ச பகுதி அப்படியே பூட்டிக்கும். 1942ல ஷைல் எழுதின சமன்பாட்டுல போட்டுப் பாத்தா சுமார் 9 சதவீதம் யூடெக்டிக் மிஞ்சும்னு வருது. ஃப்ளெமிங்ஸ் தன் மாணவர் ப்ரோடியோட சேந்து 1966ல இந்தக் கணக்கை இன்னும் சரி பண்ணாங்க, திடத்துக்குள்ள கொஞ்சமாவது அணு நகருமே, அதை எப்படி சேக்குறதுன்னு. மைக்ரோஸ்கோப்ல இந்தக் கலவைய பாக்குறப்ப டென்ட்ரைட்டுகளுக்கு (மரம் மாதிரி கிளை விட்டு வளர்ற படிகங்கள்) நடுவுல கருப்பா, வரி வரியா தெரியுற யூடெக்டிக் தான் அந்தக் கணக்கோட கண்கூடான சாட்சி, எனக்கு அதை பாக்குறது இன்னைக்கும் சலிக்கல.

டென்ட்ரைட் எப்படி வருதுங்கறதையும் சொல்லிடுறேன். உறையுற முகப்புக்கு முன்னாடி செம்பு குவிஞ்ச ஒரு திரவப் படலம் இருக்குன்னு பாத்தோம்ல, அந்தப் படலம் உறையுறதுக்கு கம்மி வெப்பநிலை வேணும், ஆனா அதைத் தாண்டி கொஞ்சம் தள்ளி இருக்குற திரவத்துல செம்பு கம்மி, அது கொஞ்சம் அதிக வெப்பத்துலயே உறைஞ்சிடும். அதனால முகப்புல தற்செயலா ஒரு மேடு முளைச்சா அது தனக்கு சாதகமான திரவத்துக்குள்ள போய் நிக்குது, மத்த இடத்தை விட வேகமா வளருது. மேடு தண்டாகுது, தண்டோட பக்கத்துல மறுபடியும் மேடு, அது கிளையாகுது, கிளையில கிளை. டொரான்டோவுல ப்ரூஸ் சால்மர்ஸ் குழு 1953ல இதை தெளிவா விளக்கிட்டாங்க, முல்லின்ஸும் செகர்காவும் 1963-64ல மேற்பரப்பு விசையையும் சேத்து கணக்கா ஆக்கினாங்க. டிமிட்ரி செர்னோவ்னு 19ஆம் நூற்றாண்டு ரஷ்ய விஞ்ஞானி ஒருத்தர் கிட்ட பெரிய ஸ்டீல் இங்காட்டோட (வார்த்தெடுத்த பாளம்) சுருங்கல் குழியில கிடைச்ச ஒரே ஒரு டென்ட்ரைட் இருந்துச்சு, நீளம் 39 சென்டிமீட்டர். நான் பாக்குறது எல்லாம் மைக்ரான் அளவுல, அதே வடிவம் ஒரு அடிக்கு மேல நீளமா இருக்குங்கறது போட்டோல பாத்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு.

இப்ப லேப்ல நான் பண்றதுக்கு வர்றேன். மைக்ரோஸ்கோப்ல ஃபோகஸ் பண்ணி ஒரு நல்ல டென்ட்ரைட்டை தேடணும், தண்டு நீளவாக்குல அறுபட்டு, கிளைகள் வரிசையா ஒரே பக்கமா நிக்குற மாதிரி. அது மேல ஒரு கோடு போட்டு முதல் கிளை நடுவுல இருந்து கடைசி கிளை நடு வரைக்கும் நீளம் எடுத்து, இடைவெளி எத்தனைன்னு வகுத்தா கிளை இடைவெளி கிடைக்கும். வேகமா குளிர்ந்த மெல்லிசான சுவர்ல 20 மைக்ரான் பக்கம், மெதுவா குளிர்ந்த தடிமனான இடத்துல 60, 80ன்னு போகும். இந்த ஒரு நம்பரை வெச்சே அந்த இடம் உறைய சுமாரா எவ்வளவு நேரம் ஆச்சுன்னு திருப்பிச் சொல்லிடலாம், ஏன்னா இடைவெளி உறையுற நேரத்தோட கன மூலத்துக்கு ஏத்த மாதிரி கூடும், நேரம் 8 மடங்கு ஆனா இடைவெளி 2 மடங்கு.

அந்த கன மூலம் எங்கிருந்து வருது? கிளைகள் முளைக்கும் போதே அந்த இடைவெளியில தான் முளைக்குதுன்னு யாரும் நினைப்பாங்க. அப்படி இல்ல. ஃப்ளெமிங்ஸ் லேப்ல கட்டமிஸ், காஃப்லின் இவங்க சேந்து 1967ல அலுமினியம்-செம்பு கலவையில காட்டினது என்னன்னா, கிளைகள் முதல்ல ரொம்ப நெருக்கமா முளைக்குது, அப்புறம் கூழுக்குள்ள கிடக்குற நேரத்துல மெல்லிசான கிளைகள் உருகி கரைஞ்சு போயிடுது, அந்தப் பொருள் தடிமனான கிளைகள்ல போய் ஒட்டிக்குது. உறையுறது நடந்துகிட்டு இருக்கும் போதே பக்கத்துலயே உருகுறதும் நடக்குது! கடைசியில நாம அளக்குற இடைவெளி தப்பிச்ச கிளைகளோட இடைவெளி தான். என்னைக் கேட்டா இந்தத் துறையிலயே ரொம்ப அழகான முடிவுகள்ல இது ஒண்ணு, ஆனா வேலைக்கு சேர்ற புது பசங்க கிட்ட யாரும் இதை சொல்றதில்ல, ஃபார்முலாவை மட்டும் கொடுத்துடுறாங்க.

கிளை இடைவெளி ஏன் இவ்ளோ முக்கியம்னு கேட்டா, செம்பு ஏத்த இறக்கமா இருக்குறதை சூடு பண்ணி சமப்படுத்தணும்னா அணுக்கள் நடக்க வேண்டிய தூரம் அதுல பாதி தான். தூரம் ரெண்டு மடங்கானா நேரம் நாலு மடங்கு ஆகும். 50 மைக்ரான் தூரத்தை சமப்படுத்த 10 மணி நேரம் ஆகுதுன்னு வெச்சுக்குவோம், அதே மாதிரி 5 சென்டிமீட்டர் தூரத்துல இருக்குற வித்தியாசத்தை சமப்படுத்தணும்னா தூரம் 1000 மடங்கு, நேரம் 10 லட்சம் மடங்கு, அதாவது 1 கோடி மணி நேரம், 1100 வருஷத்துக்கு மேல. கிளைக்கும் கிளைக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்தை ஃபர்னஸ் சரி பண்ணிடும், காஸ்டிங்கோட இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இருக்குற வித்தியாசத்தை எந்த ஃபர்னஸும் சரி பண்ணாது.

அந்த பெரிய அளவு வித்தியாசத்தை மேக்ரோசெக்ரிகேஷன்னு சொல்றோம், ஃப்ளெமிங்ஸோட பெரிய பங்களிப்பு இதுல தான்னு நான் நினைக்கிறேன். ஒரு இங்காட்டோட நடுவுலயும் ஓரத்துலயும் கலவை ஏன் வேற வேறயா இருக்குதுன்னு ரொம்ப காலமா ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிட்டு இருந்தாங்க. செம்பு தள்ளப்பட்டு நடுவுக்கு போகுதுன்னா நடுவுல தான் அதிகமா இருக்கணும், ஆனா அலுமினியம்-செம்பு இங்காட்ல ஓரத்துல அதிகமா இருக்கும், நேர் எதிர். 1967ல ஃப்ளெமிங்ஸும் நெரியோவும் கவனத்தை திருப்பினது கிளைகளுக்கு நடுவுல இருக்குற திரவத்தோட ஓட்டத்து மேல. அலுமினியம் உறையும் போது கனஅளவு 6, 7 சதவீதம் சுருங்கும். அந்த காலி இடத்தை நிரப்ப கிளைகளுக்கு நடுவுல இருக்குற சின்ன சின்ன வழிகள்ல திரவம் பின்னாடி ஓரத்தைப் பாத்து ஓடி வரணும். அப்படி ஓடி வர்ற திரவம் செம்பு நிறைய சேந்த திரவம். அதனால தான் ஓரத்துல செம்பு கூடுது. திரவம் ஓடுற வேகத்தையும் குளிர்ற முகப்பு நகர்ற வேகத்தையும் ஒப்பிட்டுப் பாத்தாலே எங்க கூடும் எங்க குறையும்னு சொல்லிடலாம், ஓட்டம் அளவுக்கு மீறினா திரவம் தான் போற வழியில இருக்குற கிளையையே உருக்கி கால்வாய் வெட்டிடும்னும் அந்த சமன்பாடே சொல்லுது. பெரிய ஸ்டீல் இங்காட்ல தெரியுற கோடுகளும், ஜெட் இன்ஜின் டர்பைன் பிளேடுக்கு வார்க்குற நிக்கல் கலவையில புள்ளி புள்ளியா வர்ற ஃப்ரெக்கிளும் இந்த கால்வாய் வகை தான். பிளேடுல ஒரு ஃப்ரெக்கிள் இருந்தா அந்த பீஸ் ரிஜெக்ட், பேச்சே கிடையாது.

அடுத்தது ஹாட் டியர், இதுல இருந்து தான் யாரும் எதிர்பாக்காத ஒரு விஷயம் கிளம்புச்சு. காஸ்டிங் 90 சதவீதத்துக்கு மேல உறைஞ்சிருக்கும், டென்ட்ரைட்டுகளுக்கு நடுவுல மெல்லிசா படலம் படலமா திரவம் மட்டும் மிச்சம், அந்த நேரத்துல திடம் சுருங்கப் பாக்கும், அச்சு விடாது, இழுபடுற இடத்துல திரவம் போய் நிரப்பவும் வழி இருக்காது, அப்படியே கிழிஞ்சிடும். உடைச்சு பாத்தா அந்த விரிசல் முகத்துல உருண்டை உருண்டையா டென்ட்ரைட் நுனிகள் தெரியும், சாதாரண முறிவு மாதிரியே இருக்காது, ஒரு தடவை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்துட்டா வாழ்க்கையில மறக்காது. அலுமினியம்-செம்பு கலவை இதுக்கு பேர் போனது. சிலிக்கான் கலவைகள்ல கடைசி வரைக்கும் யூடெக்டிக் திரவம் நிறைய இருக்குறதால அது தேவலை.

1970களோட தொடக்கத்துல ஃப்ளெமிங்ஸோட பிஎச்டி மாணவர் டேவிட் ஸ்பென்சர் இந்த ஹாட் டியரை புரிஞ்சுக்க, பாதி உறைஞ்ச உலோகத்துக்கு எவ்வளவு பலம் இருக்குன்னு அளக்க கிளம்பினார். எடுத்துகிட்டது தகரத்துல 15 சதவீதம் ஈயம் போட்ட கலவை, 210 டிகிரி பக்கத்துல உறைய ஆரம்பிச்சு 183ல முடியும், சோதனைக்கு வசதி. ஒண்ணுக்குள்ள ஒண்ணு ரெண்டு உருளை, நடுவுல உலோகம், ஒரு உருளை சுத்தும், எவ்வளவு முறுக்கு விசை ஆகுதுன்னு அளக்கணும். சும்மா குளிர விட்டுட்டு அப்புறம் சுத்தினா, 20 சதவீதம் உறைஞ்சதுமே டென்ட்ரைட்டுகள் ஒண்ணோட ஒண்ணு பின்னிகிட்டு முறுக்க விடாம எதிர்த்து நிக்கும், இது எதிர்பாத்தது தான். ஆனா முழு திரவமா இருக்கும் போதே சுத்த ஆரம்பிச்சு, சுத்திகிட்டே குளிர விட்டா? 40 சதவீதம் உறைஞ்ச பிறகும் அது ஓடுது. விசை பல மடங்கு கம்மி. அறுத்து பாத்தா உள்ள கிளையோட டென்ட்ரைட்டே இல்ல, உருண்டையான மணிகள் திரவத்துல மிதக்குது. சுத்துறதை நிறுத்தினா கெட்டியாகுது, மறுபடியும் சுத்தினா இளகுது.

இந்த முடிவு 1972ல பேப்பரா வந்துச்சு. ஹாட் டியரை அளக்க வந்த மாணவரை நீ உன் வேலைய மட்டும் பாருன்னு சொல்லாம, கண்ணுல பட்ட புது விஷயத்து பின்னாடி லேப்பே திரும்புச்சு பாருங்க, நல்ல ப்ரொஃபஸருக்கு அடையாளம்னா எனக்கு இது தான். அப்படி கலக்கிகிட்டே வார்த்து தயார் பண்ண அலுமினிய பில்லட்டை (உருளைக் கட்டி) பாதி உருகுற அளவுக்கு சூடு பண்ணாலும் அது நிமிந்து நிக்கும், ஆனா கத்திய வெச்சா வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். அழுத்தத்தோட டைக்குள்ள, அதாவது உலோக அச்சுக்குள்ள, தள்ளினா சிதறாம, காத்தை உள்ள இழுத்துக்காம, ஒரே முகப்பா முன்னேறி நிரப்பும். சாதாரண ஹை பிரஷர் டை காஸ்டிங்ல திரவம் பீச்சி அடிக்கிறதால காத்து குமிழிகள் உள்ள மாட்டிக்கும், அதை ஹீட் ட்ரீட் பண்ணா கொப்புளம் வந்துடும். இதுல அந்தத் தொல்லை பெருமளவு இல்ல, பாதி ஏற்கனவே திடமா இருக்குறதால சுருங்குறதும் கம்மி, சூடு கம்மியா இருக்குறதால டையும் நீடிச்சு வரும். கார் பாகங்களுக்கு அலுமினியத்துல இது வந்துச்சு, மக்னீசியத்துல திக்ஸோமோல்டிங்னு வேற வடிவத்துல லேப்டாப், கேமரா பாடி வரைக்கும் போச்சு. ஆனா எல்லாரும் நினைச்ச அளவுக்கு பரவலன்னு தான் நான் சொல்வேன். தனியா கலக்கி வார்த்த பில்லட்டை விலை கொடுத்து வாங்கணும், மிச்சம் விழுற ஸ்க்ராப்பை அங்கயே உருக்கி மறுபடியும் பில்லட்டா ஆக்க முடியாது, கணக்கு உதைக்கும்.

இதுக்கு விடையும் அதே லேப்ல இருந்து தான் வந்துச்சு, கிட்டத்தட்ட 30 வருஷம் கழிச்சு. உருண்டை மணிகள் வேணும்னா உறையுற நேரம் முழுக்க கலக்கிகிட்டே இருக்கணும்னு தான் அது வரைக்கும் எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க. 2000 வாக்குல ஃப்ளெமிங்ஸ் குழு காட்டினது, அது தேவையே இல்ல. உறைய ஆரம்பிக்கிற வெப்பநிலைய உலோகம் தாண்டுற அந்த சில நொடி மட்டும் குளிர்ந்த கம்பி ஒண்ணை உள்ள விட்டு சுத்தி எடுத்துட்டா போதும். வேகமா குளிர்றதும் கலக்குறதும் ஒரே நேரத்துல நடக்குறதால ஏராளமான சின்ன படிகங்கள் பிறந்து திரவம் முழுக்க பரவிடுது. இத்தனை பேர் ஒரே இடத்துல நெருக்கி நின்னா யாருக்கும் கிளை விட இடம் கிடைக்காது, உருண்டையாவே பெருசாகும். சாதாரண திரவ உலோகத்தை வெச்சே பண்ணலாம், தனி பில்லட் வேண்டாம், ஸ்க்ராப்பும் திரும்ப உருகும்.

அந்த படிகங்கள் எங்கிருந்து பிறக்குதுங்கறதுல தான் பெரிய வாக்குவாதம். கலக்குற விசையில டென்ட்ரைட் கிளை வளைஞ்சு ஒடியுதுன்னு ஒரு கட்சி, கிளை தண்டோட சேர்ற கழுத்துல செம்பு சேந்து அந்த இடம் உருகி கிளை கழண்டுக்குதுன்னு இன்னொரு கட்சி, கம்பியோட குளிர்ந்த மேற்பரப்புல புதுசா பிறந்து உதிருதுன்னு மூணாவது. உலோகம் ஒளி ஊடுருவாத பொருள், அதனால பல காலம் இதை சக்சினோநைட்ரைல்னு உலோகம் மாதிரியே உறையுற கண்ணாடி போல தெளிவான ஒரு பொருளை வெச்சு தான் பாத்தாங்க. மார்ட்டின் க்ளிக்ஸ்மன் அந்தப் பொருளை 1994, 1996, 1997ல கொலம்பியா விண்கலத்துல அனுப்பி, ஈர்ப்பால வர்ற நீரோட்டம் இல்லாம ஒரு டென்ட்ரைட் எப்படி வளருதுன்னு படம் எடுத்தார். இப்ப சின்க்ரோட்ரான் எக்ஸ்ரே (துகள் முடுக்கியில இருந்து வர்ற ரொம்ப வலுவான எக்ஸ்ரே) இருக்கு, நிஜ அலுமினியம்-செம்பு கலவை உறையுறதையே வீடியோவா பாக்கலாம். தண்டு ஒண்ணு மெதுவா வளருது, பக்கத்துல செம்பு சேந்த கருப்பு திரவம் நகருது, ஒரு கிளையோட அடிக்கழுத்து மெலிஞ்சுகிட்டே போய் சட்டுனு அறுந்து கிளை தனியா மிதந்து போகுது, வளையவும் இல்ல ஒடியவும் இல்ல, உருகி கழண்டுது.

அதை பாத்த பிறகு என் ஓட்டு உருகுற கட்சிக்கு தான், ஆனா ஒரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது, அந்த வீடியோ எல்லாம் ஒரு மில்லிமீட்டர்ல சின்ன பங்கு தடிமன் இருக்குற தகட்டுல எடுத்தது, வேகமா சுத்துற கம்பி பக்கத்துல நிலைமை அப்படியே இருக்கணும்னு கட்டாயம் இல்ல, அங்க கம்பியில இருந்து உதிர்றதுக்கும் பெரிய பங்கு இருக்கலாம். கிரெய்ன் ரீஃபைனர் (படிகங்களை சின்னதாக்க சேக்குற பொருள்) போட்ட கலவையில, டைட்டானியம் போரைடு துகள்கள் மேலயே படிகங்கள் பிறக்குறதால இந்த சண்டைக்கே அவ்வளவா வேலை இல்ல. ரீஃபைனர் போடாத பீஸ்ல, கம்பி தொட்ட இடத்துக்கு பக்கத்துல இருந்தும் தூரத்துல இருந்தும் அறுத்து மணிகளோட அளவை ஒப்பிட்டுப் பாத்தா ஒரு துப்பு கிடைக்கும்னு நினைக்கிறேன். இந்த மாதிரி பீஸ் கையில இருக்குறவங்க யாராவது பாத்திருந்தா என்ன தெரிஞ்சுதுன்னு எனக்கு எழுதுங்க.